விளையாட்டு வீரர் மீதான வசை: சில சமூகவியற் குறிப்புகள்

விளையாட்டைப் பற்றி ஆராய்வது இலக்கிய மாணவரின் வேலையன்று என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் வலுவாக உள்ளது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கும் பாடசாலை உடற்பயிற்சி ஆசிரியருக்கும் உரிய விடயமாக அது ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும், ரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சிய அறிஞரான சி. எல். ஆர். ஜேம்ஸ், கிறிக்கெற்றைப் பற்றி 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பியோன்ட் எ பௌண்டரி' என்ற நூலில், ஒரு சமூகத்தின் வர்க்க உறவுகளும் நிற உறவுகளும் அதன் ஆடுகளத்தில் எவ்வாறு உருக்கொள்கின்றன என்பதை இலக்கிய விமர்சனத்துக்குரிய நுட்பத்தோடு காட்டினார். ஆடுபவனை மட்டுமன்றி எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவனையும் அவர் ஆராய்ச்சிக்குரியவனாகக் கொண்டார். அப்பார்வையாளனே இக்கட்டுரையின் பொருள். நேற்றுவரை தான் போற்றிய வீரனை இன்று கைத்தொலைபேசி வழியே வசைபாடும் பார்வையாளன் எத்தகைய சமூக நிலைமைகளிலே தோன்றுகின்றான் என்ற வினாவை இங்கு எழுப்புகின்றோம். இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். கைத்தொழில் முதலாளித்துவம் முதலில் முதிர்ந்த நாடு அது. உதைபந்தாட்டம் கூலிக்குரிய தொழிலாக முதலில் மாறியதும் அங்கேதான்.

2021ஆம் ஆண்டு யூலை 11ஆந் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி நடைபெற்றது. இங்கிலாந்தும் இத்தாலியும் ஒன்றுக்கொன்று என்ற கோற்கணக்கிற் சமநிலை எய்தின. சமநிலை தவிர்ப்பு உதைகளில் 3-2 என இத்தாலி வென்றது. இங்கிலாந்துக்காக உதைத்த ஐவருள் மார்க்கஸ் றஷ்போர்ட், ஜேடன் சான்சோ, புகாயோ சாக்கா ஆகிய மூவர் தவறினர். மூவரும் கறுப்பினத்தவர், சாக்காவுக்கு அப்போது 19 வயது. இத்தாலியரிலும் இருவர் தவறினர் என்பதை இன்று நினைவுகூர்வார் அரிது. ஆட்டம் முடிந்த சில நிமிடங்களிலேயே இம்மூவரின் இன்ஸ்ரகிராம், ருவிற்றர் பக்கங்கள் நிறவாத வசையால் நிரம்பத் தொடங்கின. தாம் அனுபவிக்கப்போகும் வெறுப்பு எத்தகையது என்பது உதை தவறிய அக்கணமே தமக்குத் தெரிந்துவிட்டது எனச் சாக்கா சில நாட்களின் பின் விடுத்த அறிக்கையிற் குறிப்பிட்டார். வசை எதிர்பாராத வெடிப்பாக வரவில்லை. தொழிலின் ஒரு நிபந்தனையைப் போல அது முன்கூட்டியே அறியப்பட்டிருந்தது. நமது ஆய்வுக்கு இவ்வுண்மை பெரிதும் வேண்டப்படுவது.

இந்நிகழ்ச்சிக்கு உடனடியாக இரண்டு விளக்கங்கள் தரப்பட்டன. சிறுதொகையான கயவர்களின் செயல் இது என்பது ஒன்று. பெயர் மறைத்து எழுத இடமளிப்பதே இதற்குக் காரணம் என்பது மற்றொன்று. இரண்டும் முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு வசதியான விளக்கங்கள். ஒன்று குற்றத்தைத் தனிமனிதனின் குணத்திலும், மற்றொன்று ஒரு தொழில்நுட்பக் குறைபாட்டிலும் சுமத்திவிடுகின்றது. அப்போது ருவிற்றர் என வழங்கிய நிறுவனம் அவ்வாண்டு ஓகஸ்ற்றில் தனது ஆய்வை வெளியிட்டது. இறுதிப் போட்டியின்போதும் அதனையடுத்த 24 மணித்தியாலங்களிலும் 1,622 பதிவுகளை நீக்கியதாகவும், அத்தகைய பதிவுகள் மிக அதிகமாகப் புறப்பட்ட நாடு பிரித்தானியாவே எனவும் அது கூறியது. நிரந்தரமாக முடக்கப்பட்ட கணக்குகளின் உரிமையாளரில் 99 வீதமானோர் இனங்காணத்தக்கவர்களாகவே இருந்தனர். பிரித்தானிய உதைபந்தாட்டப் பொலிஸ் பிரிவு வேறோர் அளவையைக் கையாண்டது. தமக்குக் கிடைத்த முறைப்பாடுகளுள் 207 பதிவுகளைக் குற்றச்செயல் என அது கொண்டது. அவற்றுள் 34 கணக்குகள் உள்நாட்டவை, 123 வெளிநாட்டவை எனக் கண்டது. இவ்விரு கணக்குகளும் அளந்த பொருள்கள் வேறாதலின் ஒன்றை வைத்து மற்றதை மறுக்கலாகாது. எனினும், முகமூடியை அகற்றினால் வசை நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு 99 வீதம் என்ற அவ்வெண்ணிக்கை இடந்தரவில்லை. வசைபாடியோர் பெரும்பாலும் முகமூடி அணிந்திருக்கவில்லை. தாம் சொல்வது சொல்லத்தக்கதே என அவர்கள் கருதினர்.

வசையின் மொழியை நோக்குமிடத்து வேறோர் உண்மை புலப்படும். வெறி மிகுந்த ஒருவன் தன் உள்ளத்திலிருந்து கக்கிய சொற்கள் இவை என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அவை வியக்கத்தக்க அளவுக்கு ஒரேமாதிரியானவை. குரங்கு, வாழைப்பழம் ஆகியவற்றின் 'இமோஜி' எனப்படும் சிறு உருக்குறிகள், பிறந்த நாட்டுக்கே திரும்பிப் போ என்ற கட்டளை, பழைய குடியேற்ற ஆட்சிக் காலத்து இழிசொற்கள் இரண்டு மூன்று ஆகியனவே அங்கு மீண்டும் மீண்டும் வருகின்றன. வாய்மொழிப் பாடல்களிலே வாய்பாடுகள் தொழிற்படும் விதத்தை ஆராய்வோர் இதனை எளிதில் இனங்காண்பர். வாய்பாடு தனிமனிதனின் ஆக்கமன்று. சமூகம் முன்னரே செய்துவைத்த கருவி அது. 1970களிலும் 1980களிலும் ஆங்கில மைதானங்களில் கறுப்பின வீரர்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்கொலி எழுப்பப்பட்டது, வாழைப்பழங்கள் எறியப்பட்டன. நஷனல் புறொண்ட் என்ற பாசிசக் கட்சி மைதான வாயில்களில் நின்று ஆள் சேர்த்தது. யமெய்க்காவிற் பிறந்த ஜோன் பார்ண்ஸ், தம்மீது எறியப்பட்ட வாழைப்பழத்தைக் குதிகாலால் உதைத்து அகற்றும் 1988ஆம் ஆண்டுப் புகைப்படம் பலரும் அறிந்தது. அவ்வாழைப்பழமே 2021இல் உருக்குறியாகக் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்தது. புதிய சாதனம் புதிய வெறுப்பை உண்டாக்கவில்லை. பழைய சரக்கை மலிவாகவும் விரைவாகவும் வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்லும் போக்குவரத்து வசதியைச் செய்துகொடுத்தது.

வசை என்பது நமது இலக்கிய மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் வகுத்துப் பேசுகின்றது. பிற்காலத் தனிப்பாடல்களில் வசைக்கவி ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. அவ்வசையைப் பாடியவன் பெயருடைய புலவன். பாடப்பட்டோர் பெரும்பாலும் பரிசில் மறுத்த செல்வர், அன்றேல் அவையிலே எதிரே அமர்ந்திருந்த போட்டிப் புலவர். அதிகாரமும் பொருளும் இல்லாதவன் அவை உள்ளவனுக்கு எதிராகத் தன் சொல்லை ஆயுதமாக்கினான். (அம்மரபிலும் சாதியிழிவு பேசும் பாடல்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.) இன்றைய விளையாட்டு வசை எந்தத் திசையிற் செல்கின்றது என்று கேட்பதற்கு இவ்வொப்பீடு உதவுகின்றது. கழகத்தின் உரிமையாளனையும் ஒளிபரப்பு நிறுவனத்தையும் விட்டுவிட்டு, களத்தில் நின்று வேலை செய்பவனை நோக்கியே அது பாய்கின்றது.

வேலை செய்பவன் என்ற சொல்லை இங்கு அறிந்தே பயன்படுத்துகின்றோம். கோடிக்கணக்கில் ஊதியம் பெறுபவனைத் தொழிலாளி எனல் தகுமா என்று வினவப்படலாம். தன் பாட்டைத் தானே விற்கும் பாடகிக்கும், ஒரு முதலாளியால் அமர்த்தப்பட்டு அவனது இலாபத்துக்காகப் பாடும் பாடகிக்கும் உள்ள வேறுபாட்டை மார்க்ஸ் 'உபரிப் பெறுமதிக் கொள்கைகள்' என்ற நூலிலே விளக்கியுள்ளார். ஊதியத்தின் அளவன்று, உழைப்பு எந்த உறவினுள் நிகழ்கின்றது என்பதே அங்கு உரைகல். இங்கிலாந்தில் ஊதியம் பெற்று ஆடுவது 1885இல் அனுமதிக்கப்பட்டது. 1901 முதல் வாரத்துக்கு நான்கு பவுண் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வீரர்களின் தொழிற்சங்கம் 1907இல் மன்செஸ்ரரிலே தோன்றியது. உச்சவரம்பு இருபது பவுணாக இருந்த நிலையில், வேலைநிறுத்தம் செய்வோம் என்ற அச்சங்கத்தின் எச்சரிக்கைக்குப் பின்னரே 1961 ஜனவரியில் அது ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரனையும் கழகமே பிடித்துவைத்திருக்கும் முறை, ஜோர்ஜ் ஈஸ்ற்றம் என்ற வீரர் தொடுத்த வழக்கில் 1963இல் நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அக்காலத்து வீரன், தன்னைப் பார்க்க வந்த ஆலைத் தொழிலாளி வாழ்ந்த தெருவிலேயே வாழ்ந்தான். அதே பேருந்தில் மைதானத்துக்குச் சென்றான். தோற்றவன் மறுநாட் காலை கடைத்தெருவில் அயலவரைக் காண வேண்டியிருந்தது. அயலவரும் அவனைக் காண வேண்டியிருந்தது.

இவ்வுறவு இரு முனைகளிலும் அறுந்தது. வீரனின் பக்கத்தில், 1992இல் தொடங்கிய பிறீமியர் லீக்கும் அதன் ஆட்டங்களை விலைக்கு வாங்கிய ஸ்கை தொலைக்காட்சியும் கொண்டுவந்த பெரும்பணம் அவனைத் தெருவிலிருந்து பெயர்த்தெடுத்தது. பார்வையாளனின் பக்கத்தில், 1989 ஏப்பிரல் 15ஆந் திகதி ஹில்ஸ்பறோவில் நெரிசலுண்டு, ஈற்றில் 97 பேரின் உயிரைக் கொண்ட அவலத்தின் பின், 1990ஆம் ஆண்டு ரெய்லர் அறிக்கையின்படி முதன்மைப் பிரிவுகளின் மைதானங்களில் நின்று பார்க்கும் படித்தளங்கள் அகற்றப்பட்டு இருக்கைகள் இடப்பட்டன. பாதுகாப்பின் பொருட்டு அது வேண்டப்பட்டதே. ஆனால் அதனோடு நுழைவுச்சீட்டின் விலையும் ஏறியது. ஏழைத் தொழிலாளியின் மகன் மைதானத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, தொலைக்காட்சியின் சந்தாதாரனாக மாறினான். தோளோடு தோள் உரசி நின்ற கூட்டம் தனித்தனி அறைகளிற் சிதறியது.

கூட்டத்தைப் புனிதப்படுத்துவது எமது நோக்கமன்று. கூட்டமும் வசைபாடியது, கல்லெறிந்தது, தீ மூட்டியது. 1996 மார்ச் 13ஆந் திகதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியை நமது வாசகர் மறந்திருக்கமாட்டார். இலங்கையின் 251 ஓட்டங்களை எதிர்த்தாடிய இந்தியா எட்டு விக்கெற்றுகளை இழந்து 120 ஓட்டங்களுடன் நின்றபோது, போத்தல்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. அதற்கு 36 ஆண்டுகளின் முன், 1960 ஜனவரி 30ஆந் திகதி, போர்ட் ஒவ் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கெதிரான ஆட்டத்தில் உள்ளூர் வீரர் சரண் சிங் ஆட்டமிழந்ததும் போத்தல்கள் எறியப்பட்டன. குடிவெறியர்களின் செயல் எனப் பலர் அதனை ஒதுக்கினர். ஜேம்ஸ் அவ்வாறு ஒதுக்கவில்லை. மேற்கிந்திய அணிக்கு ஒரு கறுப்பரை நிலையான தலைவராக்க மறுத்துவந்த ஆளும் குழுவினர்மீது மக்கள் கொண்டிருந்த ஐயமும், விடுதலையை எதிர்நோக்கி நின்ற ஒரு நாட்டின் பதற்றமும் அப்போத்தல்களிற் கலந்திருந்தன என அவர் கண்டார். பிராங் வொறெல் தலைவராக்கப்பட வேண்டுமென அவர் தமது பத்திரிகையில் இயக்கம் நடத்தினார். அடுத்த அவுஸ்திரேலியப் பயணத்துக்கு வொறெல் தலைமை தாங்கினார். மூடத்தனமாகத் தோன்றும் கோபத்தினுள்ளும் நியாயமான ஒரு மனக்குறை இருக்கக்கூடும் என்பதும், அதற்குச் சரியான இலக்கைக் காட்டுவது அரசியலின் பணி என்பதும் ஜேம்ஸிடம் நாம் கற்பவை.

இப்பாடத்தை 2021க்குப் பொருத்திப் பார்க்கலாம். அவ்வாண்டு ஏப்பிரல் 18ஆந் திகதி, இங்கிலாந்தின் ஆறு கழகங்கள் உட்பட ஐரோப்பாவின் பன்னிரு பெருங் கழகங்கள், தமக்கென மூடிய 'சுப்பர் லீக்' ஒன்றை அமைக்கப்போவதாக அறிவித்தன. தோல்வியால் வெளியேற வேண்டிய அச்சமின்றி நிரந்தர வருமானம் பெறுவதே அதன் உட்கிடை. இரசிகர்கள் வீதிக்கு வந்தனர். 20ஆந் திகதி மாலை செல்சி கழகத்தின் மைதான வாயிலை மறித்து நின்றனர். அன்றிரவுக்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. மே 2ஆந் திகதி, மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் ஓல்ட் ட்ரபோர்ட் மைதானத்தினுள் இரசிகர்கள் நுழைந்தனர்; லிவர்பூலுடனான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2005இல் கடன்பட்டு அக்கழகத்தை வாங்கி, அக்கடனைக் கழகத்தின் தலையிலேயே சுமத்திய கிளேசர் குடும்பத்துக்கு எதிராக அங்கு குரல் எழுப்பப்பட்டது.

இதே நாட்களில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. வீரர்மீதான வசையைக் கண்டித்து, ஏப்பிரல் 30 முதல் மே 3 வரை இங்கிலாந்தின் உதைபந்தாட்ட அமைப்புகளும் கழகங்களும் சமூக ஊடகங்களைப் பகிஷ்கரித்தன. பத்து நாட்களின் முன் தம் இரசிகரைக் கைவிட்டுப் பணத்தின் பின் ஓடிய அதே கழகங்கள், இப்போது இரசிகரின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலை வெளியிட்டன. வீரரின் துன்பம் உண்மையானதாதலின் பகிஷ்கரிப்பைப் பாசாங்கு என்று முற்றாகத் தள்ளிவிட முடியாது. எனினும், உரிமையாளர் வீரனின் காவலராகவும் இரசிகன் அவனுடைய பகைவனாகவும் தோன்றும் ஒரு காட்சி அங்கு அமைக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஏப்பிரலில் உரிமையாளரைப் பணியவைத்த இரசிகர் திரளும் யூலையில் மூன்று இளைஞரை வதைத்த இரசிகர் திரளும் ஒரே நாட்டினர். சிலவேளை ஒரே ஆட்களாகவும் இருந்திருக்கலாம். வேறுபாடு அவர்களின் குணத்திலன்று, அவர்கள் நின்ற இடத்திலே உள்ளது. ஏப்பிரலில் அவர்கள் ஒரு வாயிலின் முன் கூடினர், ஒருவரையொருவர் கண்டனர், எதனை எதிர்க்கின்றோம் என்பதைப் பேசித் தெளிந்து, பதாகையில் எழுதினர். யூலையில் ஒவ்வொருவனும் தன் அறையில் இருந்தான். அவன் கண்முன் இருந்த ஒரே மனிதன் திரையிலே தலைகுனிந்து நின்ற வீரன். கழகத்தை வாங்குவோரையும் விற்போரையும் பற்றி அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. நுழைவுச்சீட்டின் விலையைத் தீர்மானிப்பவனின் முகம் அவனுக்குத் தெரியாது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவனின் பெயர் மட்டும் தெரியும். அவனுடைய பக்கத்துக்குச் செல்ல ஒரு விரலசைவு போதும். ஆற்றாமை, அந்நியமாதல் என்றெல்லாம் நாம் ஏடுகளில் எழுதுவது இங்கு இவ்வாறு அன்றாட வடிவம் பெறுகின்றது.

இவ்விளக்கம் கோபத்தைத் தெளிவுபடுத்துமேயன்றி, அது ஏன் நிறத்தின் மொழியிற் பேசியது என்பதைத் தெளிவுபடுத்தாது. பொருளாதாரக் காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும் இயந்திரப் பாங்கான மார்க்சியம் இவ்விடத்திலேயே தடுமாறுகின்றது. கருத்துநிலை தனக்கென வரலாறும் நிறுவனங்களும் உடையது. 2021 யூனில் மிடில்ஸ்பறோவில் நடந்த ஆயத்த ஆட்டங்களில், நிறவாதத்துக்கு எதிர்ப்பாக இங்கிலாந்து வீரர்கள் ஆட்டத்தின் முன் முழந்தாளிட்டபோது சொந்த இரசிகருள் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். அன்றைய உள்நாட்டமைச்சர் பிரீத்தி பட்டேல், முழந்தாளிடுவதை வெறுஞ் சைகை அரசியல் எனக் குறிப்பிட்டதோடு, கூச்சலைக் கண்டிக்கவும் மறுத்தார். யூலையில் வசை வெடித்ததும் அவரே அதனைக் கண்டித்தார். இம்முரண்பாட்டை அணியின் வீரர் ரைரோன் மிங்ஸ் மறுநாளே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். வசைபாடியவன் தன் சொற்களை எங்கிருந்தோ திருடவில்லை. நாடு யாருடையது என்ற வினாவுக்கு ஆளும் வர்க்கத்தின் அரசியல் அளித்துவந்த விடையையே அவன் பச்சையாகச் சொன்னான்.

றஷ்போர்ட்டின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். மன்செஸ்ரரின் விதென்ஷோ என்ற பகுதியிலே, தாயின் உழைப்பில், இலவசப் பாடசாலை உணவுண்டு வளர்ந்தவர் அவர். பெருந்தொற்றுக் காலமான 2020 யூனில், கோடை விடுமுறையில் ஏழைச் சிறாருக்கு உணவுதவி இல்லை என்ற அரசின் முடிவை எதிர்த்துப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அடுத்த நாளே அரசு பணிந்தது; சுமார் 13 இலட்சம் சிறாருக்காக 12 கோடிப் பவுண் ஒதுக்கியது. ஓராண்டின் பின் அவர் உதை தவறியபோது, ஆளுங்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், அரசியலிற் செலவிட்ட நேரத்தை ஆட்டத்திற் செலவிட்டிருக்கலாம் என்ற கருத்துப்படச் சக உறுப்பினர்களுக்கு எழுதினார். பின்னர் மன்னிப்பும் கேட்டார். இது நிறவாத வசையன்று. கண்ணியமான ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆனால் இரண்டும் கேட்பது ஒன்றையே: கறுப்பினத்து ஏழையின் மகன் பந்தை உதைக்கட்டும், பேச வேண்டாம். விதிங்ரனில் இருந்த அவரது சுவரோவியம் அன்றிரவு சிதைக்கப்பட்டது. அங்கு எழுதப்பட்டவை நிறவாதத் தன்மையுடையன அல்லவெனப் பொலிசார் பின்னர் கூறினர். அதற்கு முன்பே, அவ்வூர் மக்கள் அச்சுவரைத் தம் கைப்படிகளாலும் காகித இதயங்களாலும் மூடிவிட்டனர். அவர்கள் திரண்டு வந்து நின்றதும் ஒரு தெருவிலேதான்.

வெற்றியில் நாட்டவன், தோல்வியில் அந்நியன் என்ற இந்நியதி இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. கெல்சென்கேர்செனிற் பிறந்த துருக்கியக் குடும்பத்தவரான மெசுற் ஓசில், 2018 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி முதற் சுற்றிலேயே வெளியேறிய பின், ஏறத்தாழ இதே குற்றச்சாட்டைக் கூறி யூலை 22ஆந் திகதி தேசிய அணியிலிருந்து விலகினார். (துருக்கிய சனாதிபதி எர்டோகனுடன் அவர் எடுத்துக்கொண்ட படத்தை நாம் பாராட்டவில்லை, ஆயின் ஆட்சியாளருடன் படமெடுத்த ஏனைய வீரர்களின் குருதி இவ்வாறு சோதிக்கப்பட்டதில்லை.) 2021 ஒக்ரோபர் 24ஆந் திகதி டுபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெற்றுகளால் தோற்றபோது, பந்துவீசிய எவராலும் ஒரு விக்கெற்றும் வீழ்த்த முடியவில்லை. துரோகி என்ற பட்டம் அணியிலிருந்த ஒரே முஸ்லிமான மொகமட் ஷமிக்கே சூட்டப்பட்டது. அவருக்காகப் பேசிய அணித்தலைவர் விராட் கோலியின் ஒரு வயதும் நிரம்பாத மகளுக்கு எதிராக மிரட்டல் விடுக்கப்பட்டது.

இதுவரை தேசமும் நிறமும் மதமும் பற்றிப் பேசினோம். இவை எதுவும் இல்லாத இடத்திலும் வசை செழிப்பதை ரென்னிஸில் அவதானிக்கலாம். சர்வதேச ரென்னிஸ் சம்மேளனமும் மகளிர் ரென்னிஸ் சங்கமும் 2024ஆம் ஆண்டுக்கான ஆய்வறிக்கையை 2025 யூனில் வெளியிட்டன. ஆராயப்பட்ட 16 இலட்சம் பதிவுகளில், ஏறத்தாழ 4,200 கணக்குகளிலிருந்து சுமார் 8,000 வசைப் பதிவுகள் 458 வீரருக்கு எதிராக அனுப்பப்பட்டிருந்தன. அவற்றுள் 40 வீதம் பந்தயத்திற் பணமிழந்தோரின் வேலை. ஒரு சிற்றூரில், நூறு பார்வையாளர்கூட இல்லாத களத்தில் ஆடும் இளம் பெண்ணுக்கு, அவளை ஒருபோதும் கண்டிராத ஒருவன் வேறொரு கண்டத்திலிருந்து கொலைமிரட்டல் விடுக்கின்றான். அவளுடைய நாடோ நிறமோ அவனுக்குப் பொருட்டன்று. இரண்டாவது ஆட்டத்தொகுதியின் ஏழாவது ஆட்டத்தை அவள் தோற்றதே குற்றம்.

இது எவ்வாறு இயலுமாயிற்று? சிறு போட்டிகளின் ஒவ்வொரு புள்ளியும் நிகழ்ந்த கணமே உலகெங்கும் அறியப்பட்டால்தான் அதன்மீது பந்தயம் கட்ட முடியும். அந்தத் தரவைச் சர்வதேச ரென்னிஸ் சம்மேளனமே ஸ்போட்ராடார் என்ற நிறுவனத்துக்கு விற்றது. 2015இல் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு ஏழு கோடி டொலர் பெறுமதியானது. ரென்னிஸின் நேர்மை பற்றி ஆராய்ந்த சுயாதீன குழு, அடிமட்டப் போட்டிகளின் தரவு விற்பனையை நிறுத்துமாறு 2018இல் விதந்துரைத்தது. ஆக, ஒரு கையால் வீரனின் ஒவ்வோர் அசைவையும் பந்தயச் சந்தைக்கு விற்கும் நிறுவனம், மறு கையால் அச்சந்தை உமிழும் வசையை எண்ணுவதற்கு வேறொரு நிறுவனத்தை அமர்த்துகின்றது. பந்தயம் கட்டியவனுக்கும் வீரனுக்கும் இடையே எஞ்சியிருப்பது காசுறவு மட்டுமே. தன் பணம் அவளது கைத்தவறால் அழிந்தது என்று அவன் நினைக்கின்றான். அப்பணம் சென்று சேர்ந்த கம்பனி அவன் கண்ணிற் படுவதில்லை. இங்கிலாந்தின் பிறீமியர் லீக் கழகங்கள் பந்தயக் கம்பனிகளின் பெயரைச் சட்டையின் முன்புறத்தில் தாங்குவதை 2025-26 பருவத்தோடு நிறுத்திக்கொள்வதாக 2023இல் உடன்பட்டன. சட்டையின் கையில் அப்பெயர்களைப் பொறிக்க அவ்வுடன்பாடு தடைவிதிக்கவில்லை.

சமூக ஊடக நிறுவனங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்லத் தேவையில்லை. அவற்றின் இயல்பு பலரும் அறிந்தது. மனிதரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்பதே அவற்றின் தொழில். போற்றியும் தூற்றியும் எழுதப்படுபவை இரண்டும் கவனமே. ஒருவன் வசைபாட, ஆயிரம்பேர் அதனைக் கண்டித்து எழுத, அனைத்தும் வருமானக் கணக்கிற் சேரும். 2021 யூலையில், முறையிடப்பட்ட சில பதிவுகளைத் தமது நிரல் தவறுதலாகத் தீங்கற்றவை எனக் கொண்டுவிட்டதாக இன்ஸ்ரகிராமின் தலைவர் ஒப்புக்கொண்டார். நிரல் தவறவிடுவதை மனிதர் வாசித்து நீக்க வேண்டும். அவ்வாறு வாசிப்போரிற் பலர் மணிலாவிலும் நைரோபியிலும் ஒப்பந்தக் கம்பனிகளின்கீழ்க் குறைந்த கூலிக்கு வேலை செய்வோர். நாள் முழுவதும் உலகின் அழுக்கை வாசிக்கும் இத்தொழிலாளரைப் பற்றி, வீரருக்காக இரங்கும் ஆசிரியத் தலையங்கங்கள் பேசுவதில்லை.

எமது விளக்கம் வசைபாடியவனை மன்னித்துவிடுகின்றது என்ற ஆட்சேபம் எழலாம். ஒரு செயலின் சமூகக் காரணத்தைக் காண்பதும் செய்தவனைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதும் ஒன்றாகா. அதே அறையில், அதே தனிமையில், அதே தோல்வியைப் பார்த்த இலட்சக்கணக்கானோர் அச்சொற்களை எழுதவில்லை. சட்டத்தையும் நாம் வேண்டாம் என்று கூறவில்லை. மைதானத்தில் நிறவாதக் கோஷம் எழுப்புவது 1991இல் இங்கிலாந்திற் குற்றமாக்கப்பட்டது பயன் தந்தது. இணையவழிக் குற்றத்துக்கும் மைதானத் தடை விதிக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆனால் சட்டம் வசைபாடியவனைப் பின்தொடர்கின்றது. அவ்வசையினின்று வருமானம் பெறுவோரைப் பொறுத்தவரை 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் கண்காணிப்பதோடும் தண்டம் அறவிடுவதோடும் அமைகின்றது. வெகுசனப் பண்பாட்டை முழுவதும் ஏமாற்றெனக் கொண்ட அடோர்னோவின் நோக்கில், இந்த இரசிகனுக்கு மீட்சியில்லை. ஜேம்ஸின் நோக்கில் அவன் ஏப்பிரலில் வாயிலை மறித்தவனும் ஆவான். நாம் ஜேம்ஸின் பக்கம் நிற்கின்றோம்.

2025 யூலையில் சுவிற்சலாந்தில் நடந்த மகளிர் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியின்போது, இங்கிலாந்தின் தடுப்பு வீராங்கனை ஜெஸ் கார்ட்டர் தொடக்கம் முதலே நிறவாத வசைக்கு ஆளானதாக அறிவித்து, சமூக ஊடகங்களிலிருந்து விலகினார். இங்கிலாந்து அப்போது தோற்றுவிடவில்லை. அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தது. அணியினர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். ஐந்தாண்டுகளாக முழந்தாளிட்டும் பயனில்லை. இனி நின்றவாறே ஆட்டத்தைத் தொடங்குவோம் என்பதே அது. யூலை 22ஆந் திகதி ஜெனீவாவில் இத்தாலிக்கெதிராக அவ்வாறே செய்தனர். 27ஆந் திகதி பாசலில் ஸ்பெயினை வென்ற இறுதியாட்டத்தில் கார்ட்டர் முதற் பதினொருவருள் ஒருவராக ஆடினார். அம்முடிவை எடுத்தது சம்மேளனமோ ஊடக நிறுவனமோ அன்று. ஒரே வேலைத்தலத்தைச் சேர்ந்த தொழிலாளர் தமக்குள் எடுத்த முடிவு அது. உச்சவரம்பை ஒழித்த சங்கத்துக்கு இன்று அதற்கு நிகரான கோரிக்கைகள் இல்லாமலில்லை. பந்தயக் கம்பனிகளுக்கு ஆட்டத் தரவை விற்கும் ஒப்பந்தங்களில் வீரரின் சம்மதம் பெறப்பட வேண்டும் என்பதும், வசையைத் தடுக்கும் செலவை அதனால் இலாபம் பெறும் நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்பதும் அவற்றுள் முதலில் வைக்கப்பட வேண்டியவை என்பது எமது கருத்து.